ஜீப்புக்கு அடியில் இரண்டு சத்தம்

முருகையனின் பட்டறை பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'முருகையன் ஜீப் ஒர்க்ஸ்' என்று போர்டு. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளுக்கு அந்த வட்டாரத்தில் அதுதான் இடம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து ஜீப்புகளும் பச்சைமலைக்கு ஏறி இறங்கும் வண்டிகளும் அங்கேதான் வந்து நிற்கும். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவனுக்குப் பாதி ஆயுசு ஆகியிருந்தது. இப்போது வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "மேடம் இல்லீங்களா?" என்றுதான்.

மேடம் என்றால் சசிகலா, அவன் மனைவி. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுத் திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் பட்டறையில் ஸ்பேர் பார்ட்ஸ் அலமாரியையும் போனையும் கவனித்துக்கொண்டாள். மகள் பூவிழி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, சுடிதாருக்கு மேல் அவனுடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். அப்போது முருகையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவனே சொன்னான்: "அவகிட்ட வண்டியக் குடுத்து ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லுங்க. எங்க நோவுன்னு சொல்லிடுவா."

அவள் சொன்னாள். வந்ததெல்லாம் அதனால்தான். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து, சட்டென்று விட்டு, மறுபடி மிதித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பாள். திரும்பி வந்து இறங்கும்போதே சொல்லிவிடுவாள். முருகையன் ஒரு காலையெல்லாம் வண்டிக்கு அடியில் கிடந்து கண்டுபிடிப்பதை அவள் ஒரு ரவுண்டில் கண்டுபிடித்தாள். எப்போதும் இல்லை, பெரும்பாலும்.

பெருமை எந்த இடத்தில் வேறொன்றாகத் திரிந்தது என்று அவனுக்கே தெரியாது. பெட்ரோல் பங்கில் ஒருத்தன், "நீங்க மேடம் வூட்டுக்காரர்தான?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். அன்றைக்கு வயிற்றில் ஏதோ புளித்துக்கொண்டே இருந்தது. அதிலிருந்து அவள் சொன்னதை அவளுக்குத் தெரியாமல் மறுபடி சோதித்துப் பார்க்க ஆரம்பித்தான். ஒருமுறை அவள் பேரிங் என்று சொன்னது பேரிங் இல்லை. சைலன்ஸர் கிளாம்ப் லூசாகி அடித்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அவளுக்குப் பூவும் பால்கோவாவும் வாங்கிப் போனான். "என்னங்க விசேஷம்?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் ஒன்றுமில்லை என்றான்.

கோடைக்கு முன்னால் ஒரு நாள் கலைச்செல்வன் ஜீப்பைக் கொண்டுவந்தான். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவன் சூப்பர்வைசர். முப்பதைத் தாண்டிய, இன்னும் கல்யாணமாகாத ஆள். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப் அது. கூட வந்த டிரைவர் அங்கமுத்து விக்கிரமங்கலத்துக்காரர்.

"கியர் போட்டா அடியில டொக்குங்குது அண்ணே. ரிவர்ஸ்லேர்ந்து முன்னால எடுத்தாலும் அதே சத்தம்தான்" என்றான் கலைச்செல்வன்.

முருகையன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் போனான். பின்னால் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினான். ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் கிராஸ் ஆடியது. அதைச் சுற்றித் துருப்பொடி செந்தூரம் மாதிரி படிந்திருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கிராஸ் போச்சு. மாத்தினா சரியாயிடும்" என்றான்.

கலைச்செல்வன் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற சசிகலாவைப் பார்த்தான். "மேடம், நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்களேன்."

அவள் முருகையனைப் பார்த்தாள். அவன் சாவியை நீட்டினான். வேறென்ன செய்ய முடியும்?

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் யோசனை இருந்தது. "கிராஸ் போயிருக்கு, அவரு சொல்றது சரிதான். ஆனா ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு பின்னாடி, சன்னமா. இன்னொண்ணு நம்ம சீட்டுக்கு நேர் அடியில, கனமா தொம்முங்குது. அது ஃபோர் வீல்ல போட்டாத்தான் கேக்குது. லோடு ஏத்தி மேட்டுல ஏறுறப்ப கேட்டாத்தான் தெளிவாத் தெரியும்."

"அப்ப சுரங்கத்துக்கே வந்துடுங்க மேடம்" என்றான் கலைச்செல்வன். "நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

அண்ணே, நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சசிகலாதான், "நீங்களும் வாங்களேன்" என்றாள். "பட்டறைய யாரு பாக்குறது?" என்று முருகையன் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் போனவள் பொழுது சாயும்போது வந்தாள். பட்டறைக்கு எதிரே ஜீப்பை நிறுத்தி இறங்கினாள். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைப் புழுதி. கலைச்செல்வன் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முருகையனுக்குத் தெரியும். பழுதைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு அது. அவனும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தான். வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கரியும் கிரீஸுமாக, யாரைப் பார்த்தாலும் சிரிக்கத் தோன்றும். அந்தச் சிரிப்பு தன்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுக்கப்பட்டுவிட்டது போலிருந்தது அவனுக்கு. கையிலிருந்த ஸ்பானரைத் தகரப்பெட்டிக்குள் வீசினான்.

அந்த நேரம் பார்த்து அவனுடைய அக்கா மணிமொழி கடைவீதிக்குப் போகிற வழியில் அங்கே நின்றிருந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தாள். அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"நாலு பேரு பாக்குற எடம்டா தம்பி" என்றாள் தணிந்த குரலில். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆம்பளையோட... நீ வாய மூடிக்கிட்டு இருந்தா எப்படி?"

முருகையன் திடுக்கிட்டான். அப்படி ஒரு நினைப்பு அவனுக்கு வந்ததே இல்லை. சசிகலாவை அவன் அறிவான். சீ, அதெல்லாம் இல்லக்கா என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொன்னால், பிறகு எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அக்கா கேட்பாள். பொண்டாட்டிக்குத் தன்னைவிடத் தொழில் தெரிந்திருக்கிறது, அதைத் தாங்க முடியவில்லை என்று எந்த ஆம்பளை அக்காவிடம் சொல்வான்? ஸ்பானரைத் தேடுகிறவன் போலத் தகரப்பெட்டிக்குள் குனிந்தான். அக்கா அவன் முதுகைத் தடவிவிட்டுப் போனாள். அந்தத் தடவலில் இருந்த இரக்கம் அவனுக்குக் கூசியது. கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

வீட்டில் சசிகலா தோசை வார்த்துக்கொண்டே சுரங்கத்துக் கதையைச் சொன்னாள். பள்ளத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் வண்டியை லோ கியரில் போட்டு ஏற்றியதையும், எஞ்சினின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லிவர் மேல் கை வைத்தபோது அது துடித்ததையும் சொன்னாள். "உள்ள செயின் தொங்கிப்போயிருக்குங்க. லோ கியரும் பிடிச்சு நிக்க மாட்டேங்குது. பிரிச்சாத்தான் தெரியும்."

அவன் தட்டில் தோசை ஆறிப்போய்க் கிடந்தது.

"என்ன, சாப்புடலயா? நான் வந்ததுலேர்ந்து இப்படியேதான் இருக்கீங்க. என்ன கோவம், சொன்னாத்தான தெரியும்?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"கலைச்செல்வன் வண்டியில போனதுக்கா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். உதட்டோரத்தில் சிரிப்புகூட இருந்தது.

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் இல்லை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அக்கா திறந்துவைத்த கதவு ஒன்று அங்கே இருந்தது. முருகையன் அதற்குள் நுழைந்தான்.

"ஊர்ல நாலு பேரு பேசுறாங்க" என்றான்.

சசிகலா தோசைக்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லில் தோசை தீய்கிற வாசனை வந்தது.

"ஊர விடுங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் உடையாமல்தான் பேசினாள். "சரி. நாளையிலேர்ந்து நான் பட்டறைக்கு வரல." அடுப்படியைவிட்டுப் போனவள் நிலைப்படியில் நின்று திரும்பினாள். "டிரான்ஸ்ஃபர் கேஸ மட்டும் பிரிச்சுப் பாத்துருங்க. ஆளுங்க போற வண்டி."

அந்த நேரத்திலும் அவளுக்கு வண்டி ஞாபகம் இருந்தது. அவனை அதுதான் அதிகமாக எரித்தது.

மறுநாள் பட்டறையில், கலைச்செல்வன் விட்டுவிட்டுப் போயிருந்த ஜீப்புக்கு அடியில் அவன் தனியாகப் படுத்தான். ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, பழைய கிராஸ்களைத் தட்டி எடுத்தான். ஊசி பேரிங்குகள் பொடியாக உதிர்ந்தன. புதுசைப் பொருத்தி கிரீஸ் அடித்தான். நல்ல வேலை, சுத்தமான வேலை. ஷாஃப்ட்டுகளைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால், கியரிலும் ஃபோர் வீலிலும் போட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸில் ஷாஃப்ட் மாட்டும் முன்பக்கத் தட்டைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அது இறுகி நிற்க வேண்டும். ஆனால் தாராளமாகச் சுழன்றது. உள்ளே ஏதோ தொய்ந்து, இழுபட்டு, பிறகுதான் 'தொம்' என்று பிடித்தது. இந்தப் பக்கம் திருப்பினான். மறுபடி தொம்.

செயின்தான். சந்தேகமே இல்லை. அவள் லிவரைத் தொட்டுச் சொன்னது அவன் உள்ளங்கையில் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டு அவன் சும்மா படுத்திருந்தான். இதைப் பிரித்தால் கலைச்செல்வனுக்குப் போன் செய்ய வேண்டும். மேடம் சொன்னது சரிதான் என்று சொல்ல வேண்டும். வீட்டிலும் சொல்ல வேண்டும். நேற்று அப்படிப் பேசிவிட்டு இன்று இதைச் சொல்வதா? இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செயின் திடீரென்று அறுந்து போகாது, சத்தம் போட்டுக்கொண்டேதான் தேயும். மழைக்கு முன்னால் நாமே ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்துப் பிரித்துவிடலாம். எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. ஷாஃப்ட்டுகளை மாட்டினான்.

"கிராஸ்தான் கலைச்செல்வா" என்று போனில் சொன்னான். "மாத்திட்டேன். வந்து எடுத்துக்க." மேடமும் பார்த்திருப்பாள் என்று நினைத்துக் கலைச்செல்வன் மறுகேள்வி கேட்கவில்லை.

ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது சத்தம் இல்லை. சன்னமான சத்தம் போய்விட்டிருந்தது. கனமான சத்தம் மேட்டில்தானே கேட்கும். அங்கமுத்து, "சூப்பர்ணே! வெண்ணெயா போவுது" என்று சொல்லி வண்டியை எடுத்துப் போனார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் முருகையனுக்கு நன்றாகத்தான் போயின. மேடம் எங்கே என்று கேட்டவர்களிடம், "வூட்டுல வேலை" என்றான். கேட்டவர்கள் வேறு வழியில்லாமல் அவனிடமே வண்டியைக் காட்டினார்கள். அவன் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார்கள். டீ சொல்லி அனுப்பினார்கள். இழந்த இடத்தில் திரும்ப உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் வீட்டில் சசிகலா அவனோடு பூவிழியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசினாள். தெருவில் ஒரு ஜீப் போனால் காய் நறுக்குகிற கை நின்றுவிடும். சத்தம் தெருமுனையைக் கடக்கும் வரை கேட்டுவிட்டுத்தான் மறுபடி நறுக்குவாள். அவன் அதைப் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்தான். அவள் பட்டறைக்கு வராத அந்த நாட்களிலும், இந்தச் சத்தத்தை அவள் என்னவென்று சொல்லியிருப்பாள் என்ற கேள்வி ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் வந்து நின்றது. ஆளைத்தான் வீட்டில் உட்காரவைக்க முடிந்தது.

ஒரு நாள் மத்தியானம் கலைச்செல்வன் போன் செய்தான். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, வண்டி போயிடுச்சு. அரியலூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

முருகையன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. யாராவது செத்திருந்தால் என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

யாரும் சாகவில்லை. பள்ளத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும்போது, அடியில் வெடித்த மாதிரி சத்தம் கேட்டு, லோ கியர் தானாகக் கழன்று வண்டி நியூட்ரலுக்குப் போயிருக்கிறது. இழுக்கிற சக்தி மொத்தமும் ஒரே நொடியில் இல்லாமல் போனது. பிரேக் பிடித்தும் சுண்ணாம்புப் பொடியில் சக்கரங்கள் சறுக்கி வண்டி பின்னால் ஓடியிருக்கிறது. அங்கமுத்து ஸ்டீயரிங்கை ஒடித்து, ஓரத்தில் கொட்டியிருந்த மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருந்தார். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். மோதிய வேகத்தில் ஸ்டீயரிங் திருப்பியடித்து அவருடைய மணிக்கட்டு முறிந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

அங்கமுத்து மாவுக்கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கலியம்மாள், அவருடைய சட்டையிலிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டேயிருந்தாள். முருகையனைப் பார்த்ததும் அங்கமுத்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"நல்லவேளைண்ணே, நீங்க கிராஸ மாத்திக் குடுத்தீங்க. பழசோட ஏறியிருந்தா ஷாஃப்டும் கழண்டு அடிச்சிருக்கும். அப்பறம் நாங்க எங்க இருந்திருப்போம்?"

கலியம்மாள் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

முருகையனால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தான். கலைச்செல்வன் பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, மேடம் அன்னிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸப் பிரிக்கணும்னு எங்கிட்ட சொன்னாங்க. பிரிச்சீங்களா?"

"வண்டிய இழுத்துக்கிட்டு வரச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றான் முருகையன். இன்னும் ஒரு பொய்யைச் சொல்லவில்லை என்பது மட்டுமே அந்த நிமிஷத்தில் அவனால் முடிந்த யோக்கியம்.

மறுநாள் வண்டி வந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கினான். ஆயிலை வடித்தபோது அதில் இரும்புத் துகள் ஜிகினா மாதிரி மிதந்தது. மூடியைத் திறந்தான். செயின் பழைய கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து கிடந்தது. அது அடித்து அடித்துக் கேஸின் உள்சுவரில் பள்ளம் விழுந்திருந்தது. லோ கியரைப் பிடித்து நிறுத்தும் பற்கள் முனை மழுங்கி, உருண்டு, குழந்தையின் பால்பல் போலிருந்தன. இதெல்லாம் ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ தேய்ந்ததல்ல. அவன் தட்டைத் திருப்பிப் பார்த்த அன்றும் இப்படித்தான் இருந்திருக்கும்.

கையைக் கழுவாமலே வீட்டுக்குப் போனான். பூவிழி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சசிகலா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அங்கமுத்துவுக்குக் கை முறிந்த சேதி அவளுக்கும் தெரிந்திருந்தது.

"செயின்தான்" என்றான். "நீ சொன்னது."

அவள் ஈரத்துணியை உதறிப் போட்டாள். "பிரிச்சுப் பாக்கச் சொன்னேனே."

"தெரியும். பிரிக்காமயே தெரியும். கையில புடிச்சுத் திருப்பிப் பாத்தேன், ஆடுச்சு. தெரிஞ்சுதான் மூடினேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மேல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல சசி. அன்னிக்கும் இல்ல, என்னிக்குமே இல்ல. நீ சொல்றது சரியா இருக்குதுல்ல, அத என்னால தாங்க முடியல. எல்லாரும் ஒன்னத்தான் கேக்குறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. அதச் சொல்லக் கேவலமா இருந்துச்சு. நீயே அவன் பேரச் சொல்லிக் கேட்டியா, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் கொடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தான். வந்தது கோபம்.

"சந்தேகப்படுறாருன்னு நெனச்சு எத்தன நாள் அழுதேன் தெரியுமா? நான் எங்க எப்படிச் சிரிச்சேன், எப்படி நின்னேன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒங்கக்கா வந்து எனக்குப் புத்தி சொல்லிட்டுப் போனாங்க. கேட்டுக்கிட்டு நின்னேன்." அவள் குரல் ஏறியது. "எம் பேர அழுக்காக்கித்தான் ஒங்க பேரக் காப்பாத்திக்கிட்டீங்க. இல்ல?"

அவன் கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தான்.

"ஒங்கக்காகிட்ட சொல்லுங்க. கலைச்செல்வன்கிட்ட சொல்லுங்க. அந்த அங்கமுத்து அண்ணன்கிட்ட போயிச் சொல்லுங்க. அப்பறம் என்கிட்ட பேசலாம்."

அக்காவுக்கு அங்கேயே போன் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான். மணிமொழி கேட்டு முடித்தாள். பிறகு, "இதப்போயி எங்கிட்ட சொல்றியேடா, அசிங்கமா இல்லயா ஒனக்கு?" என்றாள். பெண்டாட்டி மேல் சந்தேகம் என்றபோது முதுகைத் தடவியவள், பொறாமை என்றதும் போனை வைத்துவிட்டாள்.

கலைச்செல்வன் சுரங்கத்து ஆபீஸ் வாசலில் நின்று கேட்டான். தன் பேரும் இதில் அடிபட்டது என்று தெரிந்தபோது அவன் முகம் கறுத்தது. "வண்டி நெறைய ஆளு இருந்தாங்க அண்ணே" என்று மட்டும் சொன்னான். உள்ளே போகப் போனவன் திரும்பி, "இனிமே எங்க வண்டி எதுவா இருந்தாலும், சரியாயிடுச்சுன்னு மேடம் சொன்னாத்தான் எடுப்பேன். நீங்க சொல்லி எடுக்க மாட்டேன்" என்றான்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது விக்கிரமங்கலம். அங்கமுத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கலியம்மாள் காப்பி கொண்டுவந்தாள். முருகையன் காப்பியைத் தொடாமல் சொல்லி முடித்தான். அங்கமுத்து தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் குடுத்தியா?"

அதுவரை 'நீங்க' என்று பேசிய மனிதர். அந்த ஒருமை முருகையனின் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஆமாண்ணே" என்றான். கை கூடி அவர் மறுபடி வண்டி எடுக்கும் வரை வீட்டுச் செலவு தன் பொறுப்பு என்றான். அங்கமுத்து வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கலியம்மாள் வந்து காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சசிகலா பட்டறைக்கு வந்தாள். அவனோடு பைக்கில் வரவில்லை. டவுன் பஸ்ஸில் வந்தாள். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பிரித்துப் போட்டிருந்த டிரான்ஸ்ஃபர் கேஸைக் குனிந்து பார்த்தாள். செயினைத் தூக்கிப் பார்த்தாள். பற்களை விரலால் தடவினாள்.

"வண்டி ஓடுன ஓட்டத்துக்கு இவ்வளவு தேயக்கூடாதே" என்றாள் தனக்குத்தானே.

அந்தக் கேள்வி முருகையனுக்கும் இருந்தது. புது செயின் வாங்கி வைத்திருந்தான். புது கியரும் வந்திருந்தது. ஆனால் பழசைத் தின்ற நோய் எதுவோ, அது புதுசையும் தின்னும். நேற்றெல்லாம் அதை யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அவள் எழுந்து ஜீப்பைச் சுற்றி வந்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். பிறகு பின்சக்கரத்துக்குப் போனாள். அலமாரியிலிருந்து நூல்கண்டை எடுத்து வந்து, முன் டயரைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள். அதே நூலைப் பின் டயரில் சுற்றினாள். முடிச்சு எட்டவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது.

"முன்னாடி வேற அளவு டயரு, பின்னாடி வேற அளவு" என்றாள். "ஸ்டோர்ல எது இருந்துச்சோ அத மாட்டியிருக்காங்க. ஃபோர் வீல்ல போட்டா முன்னாடி சக்கரம் ஒரு கணக்கா சுத்தணும்னும் பின்னாடி சக்கரம் ஒரு கணக்கா சுத்தணும்னும் இழுத்துக்கும். சேத்துல ஓடுனா வழுக்கி விட்டுடும். அங்க தரை பூரா பாறை, விடாது. நடுவுல கெடக்குற செயின்தான் மொத்தத்தையும் வாங்குது."

முருகையன் நூலைப் பார்த்தான். வண்டி வந்ததிலிருந்து அந்த டயர்களைத் தாண்டித்தான் அடியில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான். அவற்றுக்குக் கட்டை கொடுத்தவனும் அவனே. கண்ணில் படவில்லை. அவன் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி நெஞ்சுவரை வந்தது. இத்தனைக்கும் பிறகு, அங்கமுத்துவின் கையை முறித்த பிறகும், அது போகவில்லை. போயிருக்கும் என்று நினைத்திருந்தான்.

"இப்பவும் எரியுது சசி" என்றான்.

அவள் நூலைச் சுற்றிக்கொண்டே அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகம் முன்பு போல் இறுகியும் இல்லை.

"எரியட்டும். சொல்லிட்டு எரியட்டும்" என்றாள். "அந்தப் பக்கம் புடிங்க, கேஸத் தூக்கி மேசையில வைக்கணும்."

அன்று முழுக்க இருவரும் அதைக் கோத்தார்கள். வேலைக்கு வேண்டிய வார்த்தைகள் மட்டும் பேசிக்கொண்டார்கள். புது செயினைப் பற்களில் ஏற்றும்போது அவள் விரல் நசுங்கப் பார்த்தது. அவன் சட்டென்று நெம்புகோலைத் தாங்கிக்கொண்டான். அவள் நன்றி சொல்லவில்லை. நான்கு டயரும் ஒரே அளவில் மாட்டவேண்டும் என்று கலைச்செல்வனிடம் அவளே போனில் கறாராகச் சொன்னாள்.

வண்டி சுரங்கத்துக்குப் போன அன்று அவளே ஓட்டினாள். முருகையன் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் ஆட்களுக்குப் பதில் சிமெண்ட் மூட்டைகள். பள்ளத்தின் அடியில் லோ கியரில் போட்டுச் சரிவில் ஏற்றினாள். அந்த மண்மேட்டில் ஜீப் மோதிய தழும்பு அப்படியே இருந்தது. அதைத் தாண்டும்போது முருகையனின் கை தானாகக் கதவுப்பிடியை இறுக்கியது. ஆக்சிலேட்டரை விட்டாள், மிதித்தாள், மறுபடி விட்டாள். எஞ்சின் முனகலையும் டயருக்கு அடியில் கல் நொறுங்குவதையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

மேலே கலைச்செல்வன் காத்திருந்தான். நேராக அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். "என்ன மேடம், சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சு" என்றாள் சசிகலா.

முருகையன் தன் பக்கம் இறங்கினான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. புழுதியில் மல்லாக்கப் படுத்து, கையால் இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், புதுசாகப் போட்ட சீலில் ஆயில் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.